பேரணாம்பட்டில் ஒரு கிட்டார்... ராணிப்பேட்டையில் ஒரு பதில்!

பேரணாம்பட்டுக்குப் போய், "இங்கே டிரம் எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் உங்களை இசைக்கருவிக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். நேராக டேனரிப் பக்கம் கை காட்டுவார்கள். அங்கே ஆள் உயரத்தைவிடப் பெரிய மரப் பீப்பாய்கள் படுத்த வாக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே தண்ணீர், ரசாயனம், தோல். 'தொம்... தொம்...' என்று மணிக்கணக்கில் ஒரே தாளம். இந்த ஊரில் அதுதான் டிரம்.

நான் அந்த ஊருக்குப் போனது தோலைப் பார்க்க அல்ல. ஒரு கிட்டாரைப் பார்க்க.

டேனரியில் சூப்பர்வைசராக இருக்கும் நண்பர் ஒருநாள் போன் செய்தார். மகன் காலணித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. இரண்டு வருடம் ஒழுங்காகப் போய் வந்தவன், திடீரென்று வேலையை விட்டுவிட்டுப் பாட்டு பண்ணப் போகிறேன் என்கிறானாம். சினிமாப் பாட்டு என்றால்கூட நண்பருக்குப் புரிந்திருக்கும். இது ஏதோ 'இண்டிபெண்டன்ட் ராக்'காம்.

"அதுக்கு யாருண்ணா சம்பளம் தருவாங்க? நீங்க எழுதறவரு. நீங்க சொன்னா கேப்பான். ஒரு தடவ வந்து பேசிட்டுப் போங்க" என்றார். மறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை ரயில் ஏறினேன்.

மூன்று மொழி பேசும் ஊர்

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு ஆம்பூரில் இறங்குவது வசதி. பலரும் அங்கேயே பிரியாணி வாசனையில் சிக்கிக்கொள்வார்கள். நானும் சிக்கினேன். அதன் பிறகே பேரணாம்பட்டு பஸ்ஸைத் தேடினேன்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மலைகள் நெருங்கி வந்துவிடுகின்றன. பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. பேரணாம்பட்டு மட்டும் வேலூரோடு நின்றது. ஊரைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் ஆந்திராவின் வி.கோட்டா. இன்னும் போனால் கோலார் தங்கவயல். அதனால் கடைத்தெருவில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். டீக்கடையில் உருதுவில் ஆரம்பித்த பேச்சு, காசு கொடுக்கும்போது தமிழில் முடிகிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்கில் ஏறுவது தோல் வாசனை. புதிதாக வருபவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "பத்து நிமிஷம் இருங்க, அப்புறம் தெரியாது" என்றார் நண்பர். உண்மைதான்.

ஒரே ஆள், ஒரு முழு கச்சேரி

பையனுடைய அறை சின்னது. ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு கீபோர்டு, பழைய லேப்டாப், ஹெட்போன். சுவரில் ஆணியில் ஒரு பறை தொங்கியது.

"பேண்டுல மத்தவங்க யாரு?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல அங்கிள். எல்லாம் நான்தான்."

முதலில் தாளத்தைத் தனியாகப் பதிவு செய்கிறான். அதைக் காதில் கேட்டபடியே அதன் மேல் பேஸ். அதன் மேல் கிட்டார். கடைசியில் குரல். ஒவ்வொரு அடுக்காக ஏற்றி, ஒரே ஆள் ஒரு முழு இசைக்குழுவாகிவிடுகிறான். இது புதிய விஷயமும் அல்ல. 1973-ல் இங்கிலாந்தில் மைக் ஓல்ட்ஃபீல்ட் என்ற இளைஞர் கிட்டத்தட்ட எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து 'டியூபுலர் பெல்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பதிவு செய்தபோது அவருக்கு வயது 19. அன்று அதற்குப் பெரிய ஸ்டூடியோ வேண்டியிருந்தது. இன்று பேரணாம்பட்டில் ஒரு லேப்டாப் போதும்.

"அந்தப் பறை?" என்றேன்.

பையன் பேசவில்லை. வாசலில் நின்ற நண்பர்தான் பேசினார். "எங்க தாத்தாவோடதுண்ணா. சாவுக்கும் திருவிழாவுக்கும் வாசிச்சவரு. வாசிக்க மாட்டேன்னு சொல்ல முடியாத காலம் அது. கூலி, குடுத்தாதான் உண்டு. எங்கப்பா அத விட்டுட்டு டேனரில சேந்தாரு. நாங்க வாசிக்கக் கூடாதுன்னுதான் எங்கள படிக்க வெச்சாரு. இவன் என்னடான்னா திரும்ப அங்கயே போறேங்கறான்."

சம்பளக் கவலை என்று நினைத்து வந்த எனக்கு, அப்போதுதான் விஷயம் வேறு என்று புரிந்தது.

பெயர் இல்லாத தோல்

சாயங்காலம் நண்பர் தன் டேனரிக்கு அழைத்துப்போனார். உப்புப் போட்டு வந்த தோலை முதலில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். பிறகு சுண்ணாம்பில் போட்டு முடியை நீக்குகிறார்கள். ஒட்டியிருக்கும் சதையைச் சீவுகிறார்கள். அப்புறம்தான் டிரம். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் தோலைப் பதனிட்டன. பிறகு குரோமியம் வந்தது. குரோமியத்தில் பதனிட்டு வெளியே வரும் தோல் வெளிர் நீலமாக இருக்கும். அதனால் அதற்கு 'வெட் ப்ளூ' என்றே பெயர்.

அந்த வேகத்துக்கு இந்த மண் கொடுத்த விலை அதிகம். கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். இன்று டேனரிகளின் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது.

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "மிருதங்கம், தவில், பறைக்கெல்லாம் இங்கிருந்து தோல் போகுமா?"

நண்பர் சிரித்தார். "நம்ம தோல் அதுக்கு ஆகாதுண்ணா. பதனிட்டா தோல் மெத்துனு ஆயிடும், சத்தம் வராது. மேளத்துக்குப் பச்சத் தோல்தான் வேணும். முடிய எடுத்து, இழுத்துக் கட்டிக் காய வெக்கணும். எங்க தாத்தா கன்னுக்குட்டித் தோல புளியங்கொட்டப் பசையில ஒட்டுவாரு. நெருப்புல காட்டினா கிண்ணுனு பேசும்."

வாசிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவருக்கு இவ்வளவும் தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போது அவர் சொன்ன இன்னொன்று மனதில் தங்கிவிட்டது. "இங்க பதனிடற தோல் ஷூவாகி வெளிநாட்டுக் கடையில நிக்கும். மேல அந்தக் கம்பெனி பேரு இருக்கும். எங்க பேரு எங்கயும் இருக்காது. ஆனா மாசம் பொறந்தா சம்பளம் வரும்."

பையன் கேட்பது அதற்கு நேர் எதிரானது. சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் பாட்டின் மேல் அவன் பெயர் இருக்கும். இரண்டில் எது பெரிது என்று சொல்ல நான் யார்? எனக்குத் தெரிந்த ஒரே ஒரு வாழ்க்கைக் கதையைச் சொல்ல முடியும். அந்தக் கதை தொடங்கிய ஊரும் இதே தோல் பூமியில்தான் இருக்கிறது. "நாளைக்கு ராணிப்பேட்டை போயிட்டு வரலாமா?" என்று பையனிடம் கேட்டேன்.

ராணிப்பேட்டைப் பையன்

ஞாயிறு காலை. கைத்தறி லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்போன குடியாத்தம் வழியாக வேலூர், அங்கிருந்து ராணிப்பேட்டை. கூட்டமில்லாத பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கதையைத் தொடங்கினேன்.

ஆர்.பிரசன்னா. 'கிட்டார் பிரசன்னா' என்றால் இசை ரசிகர்களுக்குத் தெரியும். ராணிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது இந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் கிட்டார் என்றால் சர்ச், ரயில்வே காலனி, மெல்லிசைக் குழு, அவ்வளவுதான். மற்றபடி ரேடியோவில் வரும் இளையராஜா. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் ஓடும் கிட்டாரைக் கேட்டுக் கிட்டார் மேல் ஆசைப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அதை வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். பாட்டு தெரிந்த அளவுக்கு அந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. தோலுக்கு நடப்பதுதான் வாத்தியக்காரருக்கும்.

பிரசன்னா படிப்பிலும் கெட்டி. சென்னை ஐ.ஐ.டி-யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தார். இன்று 'சாரங்' என்று அழைக்கப்படும் அந்தக் கல்லூரி விழாவுக்கு அப்போது 'மார்டி கிரா' என்று பெயர். ராக் இசைக்குச் சென்னையில் இருந்த முக்கியமான மேடைகளில் அதுவும் ஒன்று. இன்னொரு பக்கம், பாடகர் திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் கலைஞர் ஏ.கன்யாகுமரியிடமும் கர்னாடக இசை கற்றார். கையில் வைத்துக்கொண்டது வயலினோ வீணையோ அல்ல, கிட்டார். பொறியியலை முடித்தும் கப்பல் கட்டவில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போய் மேற்கத்திய இசையைப் படித்தார்.

"ராக் வாசிக்கறதுக்கு எதுக்கு அங்கிள் கர்னாடிக்?" பையன் கேட்டான்.

நல்ல கேள்வி. கர்னாடக இசையில் ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்காது, அசையும். அதுதான் கமகம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே கம்பிக் கட்டைகள் இருக்கும். வீணையில் இருக்கும் மெட்டு மாதிரி. அந்தக் கட்டை ஸ்வரத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். வீணைக்காரர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அந்தத் துண்டுகளை இணைப்பார். அமெரிக்காவில் ப்ளூஸ், ராக் கிட்டாரிஸ்ட்டுகள் செய்வதும் ஏறக்குறைய அதேதான். தந்தியை இழுத்து வளைப்பார்கள். அதற்கு 'பெண்டிங்' என்று பெயர். அதில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 1970-ல், 27 வயதில் இறந்துபோனார்.

கர்னாடக இசையைக் கிட்டாரில் வாசித்த முதல் ஆள் பிரசன்னா இல்லை. அவருக்கு முன்பே சென்னையில் சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிட்டாரில் கச்சேரி செய்தார். மாண்டலினை யு.ஸ்ரீநிவாஸும், சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத்தும் கச்சேரி மேடையில் ஏற்றினார்கள். பிரசன்னா சபாவில் கீர்த்தனையும் வாசித்தார், ஜாஸ் கலைஞர்களோடும் வாசித்தார், ராக்கையும் விடவில்லை. ஒன்றுக்காக இன்னொன்றைக் கைவிடவில்லை என்பதுதான் அவருடைய பாதை.

2006: ஒரே ஊர், இரண்டு செய்திகள்

ராணிப்பேட்டை வந்துவிட்டது. தேசிங்கு ராஜாவின் ராணி நினைவாக வந்த பெயர் என்பார்கள். பக்கத்திலேயே வாலாஜா ரோடு ரயில் நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி இங்கேதான் வந்து நின்றது. ஊரைச் சுற்றி தொழிற்பேட்டை, டேனரிகள், பெரிய ஆலைகள்.

2006-ல் நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு, உலகிலேயே மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் செர்னோபில் இருந்தது. ராணிப்பேட்டையும் இருந்தது. மூடப்பட்ட ஆலை ஒன்று விட்டுச்சென்ற குரோமியக் கழிவுதான் காரணம். அந்த வருடம் வெளியுலகம் ராணிப்பேட்டை என்ற பெயரைக் கேட்டது அப்படித்தான்.

அதே 2006-ல்தான் ராணிப்பேட்டைக்காரர் ஒருவரின் ஆல்பமும் வந்தது. 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்'. ஹெண்ட்ரிக்ஸின் 1968 ஆல்பமான 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' பெயரை வைத்து, பிரசன்னா அவருக்குச் செய்த மரியாதை. ராக் கிட்டார் முழங்கும். அதற்குத் தாளமாக நம் ஊர் மிருதங்கமும் கடமும் வரும். ஒரு பாட்டுக்கு 'ஸ்ரீ ஜிமி' என்று பெயர். இன்னொன்றில் திருவல்லிக்கேணி வருகிறது: 'டார்க் சண்டே இன் டிரிப்ளிகேன்'. ஹெண்ட்ரிக்ஸ் பாட்டை அவர் நகலெடுக்கவில்லை. அவர் ராணிப்பேட்டையில் பிறந்திருந்தால் எப்படி வாசித்திருப்பாரோ, அப்படி யோசித்ததுபோல இருக்கும்.

பாலாற்றுப் பாலத்தின் ஓரம் நின்று பையன் போனில் அதைக் கேட்டான். கீழே தண்ணீர் இல்லாத மணல். அக்கரையில் ஆற்காடு. காதிலிருந்து ஹெட்போனை எடுக்காமலே, "இது ராக்தான் அங்கிள். ஆனா நம்ம ஊர் ராக்" என்றான்.

யாரும் பேசாத ஆஸ்கர்

இன்னொன்றும் சொன்னேன். 2009 பிப்ரவரி 22. ஏ.ஆர்.ரஹ்மான் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கிய இரவு. தமிழ்நாடே கொண்டாடியது. அதே மேடையில் சிறந்த குறும் ஆவணப்பட விருதை வாங்கியது மேகன் மைலன் இயக்கிய 'ஸ்மைல் பிங்கி'. உதட்டுப் பிளவோடு பிறந்த உத்தரப்பிரதேசக் கிராமத்துச் சிறுமி ஒருத்திக்கு அறுவை சிகிச்சை நடந்து, அவள் முகத்தில் சிரிப்பு வந்த கதை. அந்தப் படத்துக்கு இசை பிரசன்னா. விருது படத்துக்குத்தான், இசைக்கு அல்ல. ஆனாலும் அந்த இரவில் ராணிப்பேட்டைக் கிட்டாருக்கும் ஒரு சின்ன இடம் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சினிமாவைச் சாராத இசைக்கலைஞனின் வாழ்க்கை அப்படித்தான். பெயர் உண்டு, ஆர்ப்பாட்டம் இல்லை. ஒரே வேலையை நம்பியும் இருக்க முடியாது. பிரசன்னா கச்சேரி செய்தார், ஆல்பம் போட்டார், படங்களுக்கு இசையமைத்தார், சொல்லிக்கொடுத்தார். 2010-ல் செய்யூர் அருகே தொடங்கிய ஸ்வர்ணபூமி இசை அகாடமியை முன்நின்று நடத்தினார். 2011-ல் அமெரிக்கத் தமிழரான பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபேலா கலைஞர் நிதின் மிட்டா இருவரோடும் சேர்ந்து 'தீர்த்தா' ஆல்பம் வெளியிட்டார். ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று.

"அவரு ஐ.ஐ.டி அங்கிள். கீழ விழுந்தாலும் புடிச்சுக்க ஒரு கம்பி இருக்கு. எங்கப்பாவுக்குப் பயம் அதுதான்" என்றான் பையன். அவன் அப்பாவை நன்றாகப் புரிந்துவைத்திருந்தான்.

அதனால் இன்னொரு பெயரையும் சொன்னேன். இதே ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரக்கோணம் தந்த தெருக்குரல் அறிவு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி செய்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவில் அவர் இருந்தார். இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. எலெக்ட்ரிக் கிட்டாரும் பறையும் ஒரே மேடையில் தோளோடு தோள் நின்றன. யாரோ கூப்பிட்டால் தெரு முனையில் நின்று அடிக்க வேண்டியிருந்த வாத்தியம், டிக்கெட் வாங்காமலே திரண்டு வந்த ஆயிரக்கணக்கான பேர் முன்னால், வாசிப்பவரின் விருப்பத்தோடு ஒலித்தது. 2021-ல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெங்கும் போனது. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று அதன் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-ல் சொன்னதையும் பையனிடம் மறைக்கவில்லை. புகழ் வேறு, வரும்படி வேறு.

ஆற்காடு போய் மக்கன் பேடா வாங்கினோம். "அப்பாவுக்குப் புடிக்கும்" என்று அரைக் கிலோ கூடுதலாகக் கட்டச் சொன்னான்.

"அந்த அடி அப்படி இல்லடா"

இரவு வீடு திரும்பினோம். நண்பர் என் முகத்தைப் பார்த்தார். கதையை அவருக்கும் சொன்னேன். நான் எதிர்பார்த்த இடத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா, அவரே ஐ.ஐ.டி முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு!"

"நான் டிப்ளமோ முடிச்சிட்டேன்பா."

எல்லோரும் சிரித்துவிட்டோம். மக்கன் பேடா தட்டில் வந்தது. பையன் தயங்கித் தயங்கி, தான் செய்த பாட்டை முதல் முறையாக அப்பா முன்னால் போனில் போட்டான். கிட்டார் ஆரம்பித்தது. பேஸ் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அடியில் பறை கேட்டது. சுவரில் தொங்கியதைக் கழற்றி, அப்பா டேனரிக்குப் போயிருந்த நேரத்தில் பதிவு செய்திருக்கிறான்.

நண்பர் எழுந்துபோய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்த பிறகும் யாரும் பேசவில்லை.

"அந்த அடி அப்படி இல்லடா" என்றார். டீப்பாய் மேல் விரலால் தட்டிக் காட்டினார். ஒருமுறை. இன்னொருமுறை, கொஞ்சம் மெதுவாக. "தாத்தா இப்படித்தான் திரும்புவாரு."

பையன் உடனே போனில் அதைப் பதிவு செய்தான்.

முடிவாக ஒன்றும் தீர்மானமாகவில்லை. வேலையை விடக்கூடாது என்பதில் நண்பர் உறுதியாக இருந்தார். ஒரு வருடம் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் பாட்டு, மற்ற நேரம் ஷிஃப்ட் என்று பேசி முடித்தார்கள். என்னைக் கேட்டால், அது நல்ல ஏற்பாடுதான். பாட்டின் மேல் என்ன பெயர் போடுவது என்றும் பேச்சு வந்தது. பையன் தன் பெயரோடு தாத்தாவின் அப்பா பெயரையும் போட வேண்டும் என்றான். நண்பர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். டேனரிப் பக்கம் டிரம் சுற்ற ஆரம்பித்திருந்தது. தோல் வாசனை இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.